நாலாம் இடத்தின் கணக்கு

நமக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே யார் பெயரில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கோவை கரிவர்தன். மாருதி 800 இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டியவர். 1995-ல் விமான விபத்தில் காலமானார்.

அந்த ஃபார்முலா மாருதி காரில் பழகிய நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயம். டயர் தாங்காது என்று 14 கார்கள் விலகின, ஓடியவை ஆறுதான். நரேன் நாலாவது. 5 புள்ளிகள்.

டிவி பார்த்த பலர் "ஓசிப் புள்ளி" என்றார்கள். வங்கியில் கணக்கு எழுதியவன் நான், வரவு வரவுதான். நரேனின் காரில் விளம்பரதாரர் டாடாவின் பெயர் தெரிந்தது. முதல் முதலீடு போட்ட கரிவர்தனின் பெயரை நாமாவது சொல்லி வைப்போம்.