தரைவரம்பும் உச்சவரம்பும்: வேங்கடகிரியின் படையை முன்வைத்து ஒரு குறிப்பு

இணையத்தில் கற்பனை நாடுகளை ஆளும் அரசியல் விளையாட்டுகளில் ஓயாது எழும் வழக்கு ஒன்று உண்டு. ஒரு நாடு எவ்வளவு படை வைத்துக்கொள்ளலாம்? நேற்று சேர்ந்தவரின் தீவுக்கும் பத்தாண்டு ஆடியவரின் பேரரசுக்கும் ஒரே உச்சவரம்பா, தகுதிக்கேற்ற வரம்பா? 2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ் போன்ற விளையாட்டில் போர் ஆடுவோர், தம் படையில் எத்தனை பேர் மடிந்தனர் என்பதைத் தாமே அறிவிக்கும் மரபைக் கைக்கொள்கின்றனர். நேர்மை குலைந்தால் ஆட்டம் குலையும். ஆகவேதான் அங்கே எண்களைப் பற்றி இவ்வளவு சச்சரவு. அதைக் கவனிக்கும் வரலாற்று மாணவருக்கு, அந்தச் சச்சரவு தவறான இடத்தில் நிகழ்கிறது என்று தோன்றக்கூடும். வரம்பின் நியாயம் எண்ணில் இருப்பதைவிட, அதை விதிப்பவர் ஆட்டத்துக்கு வெளியே நிற்கிறாரா, உள்ளே நிற்கிறாரா என்பதில்தான் மிகுதியும் இருக்கிறது. நாயுடுபேட்டையைச் சுற்றியுள்ள நிலப்பகுதியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூருக்கு மேற்கே வேங்கடகிரி, தென்மேற்கே திருக்காளத்தி. இரண்டும் பாளையங்களின் தலைநகரங்கள். முன்னது வெலுகோட்டி குடியினருடையது; பின்னது தாமர்லா குடியினருடையது. இவ்விரண்டையும் கார்வேட்டிநகரத்தையும் உள்ளடக்கிய தொகுதியைக் கும்பெனி ஆவணங்கள் மேற்குப் பாளையங்கள் என்று குறிப்பிடுகின்றன. பாளையக்காரர் மேலரசுக்கு இருவகைக் கடன் பட்டிருந்தார்: ஆண்டுக் கப்பம் ஒன்று, அழைத்தபோது படையுடன் வந்து நிற்றல் மற்றொன்று.

இவ்விரண்டாவது கடனின் தன்மையை நாம் போதுமான அளவு ஆராயவில்லை என்பது என் கருத்து. விசயநகரத்தில் 1530-களில் இருந்த போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் நூனிஸ், ஒவ்வொரு நாயக்கரும் எத்தனை காலாள், குதிரை, யானை வைத்திருக்கக் கடமைப்பட்டவர் என்று பட்டியலிடுகிறார். சாளுவ நாயக்கருக்கு அவர் தரும் கணக்கு 30,000 காலாள், 3,000 குதிரை, 30 யானை. இவ்வெண்கள் துல்லியமானவையா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது அவற்றின் திசை. அவை தரைவரம்புகள்; இதற்குக் குறையக் கூடாது என்பதே ஆணை. சிற்றரசர் வலிமையோடிருப்பது பேரரசின் தேவையாக இருந்தது. அந்த ஏற்பாட்டில் எழக்கூடிய முறையீடு, சுமை மிகுதி என்பது மட்டுமே.

கும்பெனி வந்தபின் திசை மாறிற்று. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், ஆற்காட்டு நவாபுக்குப் பாளையக்காரர் செலுத்திவந்த கப்பத்தைக் கும்பெனியே நேரடியாகப் பெறலாயிற்று. தெற்கே 1799-இலும் 1801-இலும் நடந்தவை நமக்கெல்லாம் பாடம்: கயத்தாறு, திருப்பத்தூர், பாஞ்சாலங்குறிச்சி. 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு, தென் பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து, கோட்டைகளை இடிக்கவும் ஆணையிட்டது. அங்கே உச்சவரம்பு சுழியம் ஆயிற்று.

வேங்கடகிரியிலும் காளத்தியிலும் அதே வேலை ஓசையின்றி நடந்தது. அதனால்தான் அது பாடநூல்களில் இடம்பெறவில்லை போலும். 1802-இல் வழங்கப்பட்ட சன்னதுகள் இப்பாளையக்காரர்களை நிலையான கப்பம் செலுத்தும் ஜமீன்தார்களாக ஏற்றுக்கொண்டன. படைப்பணியிலிருந்து அவர்களை ‘விடுவித்தன’. விடுவிப்புக்கு விலை இருந்தது. படையைப் பேணுவதற்கான செலவு பணமாக மதிப்பிடப்பட்டுக் கப்பத்தோடு சேர்க்கப்பட்டது. அதாவது, அரசர் தம் படையைக் கலைத்துவிட்டு, அப்படைக்கான செலவை, தம்மைக் கலைக்கச் சொன்னவரின் படைக்குக் கொடுத்தார். பெரிய அளவில் இதே கணக்கு 1799-இல் மைசூரிலும் போடப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஏழு இலட்சம் வராகன் கொடுத்துக் கும்பெனிப் படையின் காவலைப் பெறுவது, செலுத்தத் தவறினால் நிர்வாகத்தை ஒப்படைப்பது என்பது விதி. 1831-இல் பெண்டிங் காலத்தில் மைசூரின் நிர்வாகம் அவ்வாறே பறிபோனது. திரும்பி வர ஐம்பது ஆண்டுகள் ஆயின.

படைவீரர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இப்பகுதியில் போர்ப்பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்த கட்டுபடி வீரர்கள் இருந்தனர். பணியே இல்லாதபோது பணிக்கான நிலம் எதற்கு என்ற கேள்வி தவிர்க்கவியலாதது. வரம்பைப் பற்றிய பேச்சுவார்த்தையில் அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாளையக்காரர்கள் அனைவரும் நல்லாட்சியாளர்கள் அல்லர். வழிப்போக்கரிடமும் குடியானவரிடமும் காவல்வரி என்ற பெயரில் பறித்தவர்கள் உண்டு. அருகிலிருந்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் 1800 முதல் ஆட்சியராயிருந்த தாமஸ் மன்றோ, பாளையக்காரரின் ஆயுதப் பரிவாரம் ஒழிந்தாலன்றிக் குடிகளுக்கு அமைதியில்லை என்று உறுதியாக நம்பினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாதம் படைக்குறைப்பு தேவை என்பதை மட்டுமே நிறுவுகிறது. குறைப்பவருக்கு வரம்பு வேண்டாம் என்பதை அது நிறுவவில்லை. கும்பெனியின் சென்னைப் படைக்கு எந்தப் பாளையக்காரரும் வரம்பு விதிக்க இயலாது.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்றும் அடங்கியுள்ளது. 1639-இல் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ளக் கும்பெனியின் பிரான்சிஸ் டேக்கு இசைவளித்தவர் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். காளத்தி ஜமீனும் தாமர்லா பெயரையே தாங்கியது. கோட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், அதில் எத்தனை வீரர் இருக்கலாம் என்று வரம்பு குறிக்கும் வாய்ப்பு அன்று அப்பெயருக்கு இருந்தது.

இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்கத் தக்கது 1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கை. பெரும் போர்க்கப்பல்களின் மொத்த எடையில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன், பிரான்சுக்கும் இத்தாலிக்கும் தலா 1,75,000 டன். எண்கள் அப்பட்டமாகச் சமமற்றவை. ஜப்பான் பத்துக்கு ஏழு கேட்டு, பத்துக்கு ஆறு பெற்றது. அதன் பேராளர்களுக்குத் தோக்கியோ அனுப்பிய மறைமொழித் தந்திகளை அமெரிக்கர் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தனர். எதிராளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடினர் எனலாம். எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வரம்பை முன்மொழிந்த அமெரிக்காவும் அவ்வரம்புக்குள் நின்றது, கட்டிக்கொண்டிருந்த கப்பல்களை உடைத்தது. ஒவ்வாதபோது வெளியேறும் வழியும் இருந்தது. 1934 இறுதியில் ஜப்பான் முன்னறிவிப்புக் கொடுத்து, 1936 முடிவில் விலகிற்று. 1802-இன் சன்னதில் இவற்றில் ஒன்றேனும் வேங்கடகிரிக்கு இல்லை. எண்ணளவில் நோக்கினால் இரண்டுமே நியாயமற்றவை. ஆயினும் ஒன்றில் ஜப்பான் ஆட்டக்காரர். மற்றதில் வேங்கடகிரி வெறும் ஆட்டக்காய்.

1967 சனவரி 1-க்கு முன் அணுகுண்டு வெடித்தவர் வைத்துக்கொள்ளலாம், மற்றவர் கூடாது என்ற அணுஆயுதப் பரவல் தடை உடன்படிக்கையை இந்தியா ஏற்க மறுத்தபோது முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இதுவே. நாள்காட்டியில் கோடு கிழித்தவர்கள் அக்கோட்டின் பாதுகாப்பான பக்கத்தில் நின்றிருந்தனர்.

இணைய விளையாட்டுகளில் நடுவர் பெரும்பாலும் நாடு ஆள்வதில்லை. அப்படி ஆண்டால், வரம்பு எத்தகைய எண்ணாக இருந்தாலும் முறையீடு நியாயமானதே. ஆட்ட விதிகளை வகுப்போர், நடுவரின் நாட்டுக்கு என்ன வரம்பு என்பதை முதல் விதியாக எழுதலாம்.

வேங்கடகிரியின் கப்பம் 1802-இல் நிலையானதாக வரையறுக்கப்பட்டதால், அதில் கலந்திருந்த படைச்செலவும் நிலைத்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம், இல்லாத படைக்காக அந்த ஜமீன் பணம் கட்டிவந்தது.