படிப்புக்குப் பதிலாக ஆறு வருஷம்

நாங்கள் கம்பஸில் கட்டணமில்லாமல் படிக்கிறோம். அமெரிக்காவில் கதை வேற. 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டம் போர் முடித்து வந்தவர்களைப் படிப்பித்தது. அது நன்றிக்கடன். 1973இல் கட்டாய ஆட்சேர்ப்பு நின்றதும் படைக்கு ஆள் தேவைப்பட்டது. 1985இலிருந்து, ரிசேர்வ் படையில் ஆறு வருஷம் இருக்கக் கையெழுத்து வைத்தால், படிக்கும்போதே மாதாமாதம் காசு. மாதத்தில் ஒரு வார இறுதி, வருஷத்தில் இரண்டு கிழமை பயிற்சி, அவ்வளவுதான் என்று பலர் நம்பினார்கள். 2003இல் ஈராக் போர் வந்தது. செமஸ்டர் நடுவிலேயே மாணவர்களுக்கு அழைப்பு வந்தது. 2008இன் புதுச் சட்டம் உதவியைக் கூட்டியது. ஆனால் ரிசேர்வ்காரர் முழுநேரக் கடமையில் எத்தனை நாள் நின்றார் என்பதே அளவுகோல். இலவசக் கல்வி வீண்செலவு என்று சொல்லுறவையிடம் நாங்கள் கேட்பது: காசில்லாத பிள்ளை வேறு எதைக் கொடுத்துப் படிக்கிறது?