ஊவா மலைப்பாதையும் எஞ்சினின் தாகமும்

ஊவா மாகாணத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் பாதைகளின் வரலாறே எனலாம். பதுளை மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலே அமைந்த நகரம். அங்கிருந்து வெளியுலகை அடைய வேண்டுமாயின் ஏற வேண்டும். வெளியுலகிலிருந்து அங்கு வரவேண்டுமாயினும் முதலில் ஏறித்தான் பின்னர் இறங்க வேண்டும். ஊவாவில் பாதைகள் அமைத்தவர் எனப் பெயர்பெற்ற மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி, 1845ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவருக்குப் பின்னரும் அரை நூற்றாண்டுக் காலம் மாட்டுவண்டியே இம்மலைகளில் பாரஞ் சுமந்தது.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் அதற்கடுத்த ஆண்டில் பண்டாரவளையையும் எட்டியது. ஆயினும் பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேயே. இந்த முப்பது ஆண்டு இடைவெளியிலேதான் மோட்டார் வண்டி உலகெங்கும் பரவத் தொடங்கியது. புகையிரதப் பாதையை வகுத்த பொறியியலாளர்கள் மலையின் சாய்வைத் தம் இயந்திரத்தின் வலிமைக்கு ஏற்றவாறு அடக்கிக்கொண்டனர். நாற்பத்து நான்கு அடி சென்றால் ஓரடி ஏறலாம். அதற்கு மேலாகாது என்பது அவர்களது கணக்கு. அதன்பொருட்டே தெமோதரையில் பாதையை வளையமாகச் சுற்றி, நிலையத்தின் கீழாகவே சுரங்கவழியிற் செல்லவைத்தனர். தெருவில் ஓடும் மோட்டார் வண்டிக்கோ இத்தகைய சலுகை கிடைக்கவில்லை. வெல்லவாயவிலிருந்து எல்ல வரையுள்ள தெரு, ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் 800 மீற்றருக்கும் மேலாக உயர்கின்றது. கொஸ்லந்தை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் தெருவோ இன்னும் உயரமான இடத்துக்கு வண்டியை இட்டுச் செல்கின்றது. அந்த ஏற்றம் முழுவதையும் எஞ்சினே தாங்க வேண்டும். எஞ்சினின் வெப்பத்தை நீர் தாங்க வேண்டும்.

எஞ்சினுக்கு ஏன் நீர் வேண்டும்? சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை சென்டிகிரேட்டையும் கடந்துவிடும். எரிபொருள் தரும் சக்தியிலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், நீரின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். நீர் தன் கடமையில் தவறினால், 660 பாகையில் உருகும் அலுமினியத்தாலான பிஸ்டன் விரிந்து சிலிண்டருடன் இறுகிவிடும்.

இவ்வுண்மையை உலகம் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மோட்டார் வண்டியை ஆக்கிய காள் பென்சின் மனைவியாரான பேர்த்தா அம்மையார், தம் புதல்வர் இருவருடன் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள போர்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியிலே பயணமானார். அக்கால எஞ்சினில் நீர் கொதித்து ஆவியாகியே வெப்பத்தை அகற்றியது. ஆதலின் வழியிலுள்ள கிணறுகளிலும் ஓடைகளிலும் மீண்டும் மீண்டும் நீர் மொண்டு ஊற்ற நேர்ந்தது. ஏற்றங்களில் வண்டியைத் தள்ளவும் வேண்டியிருந்தது. பின்னர் 1900ஆம் ஆண்டளவிலே வில்ஹெல்ம் மைபாக் என்பவர், 8,070 சிறு குழாய்களைத் தேனடைபோல் அடுக்கி, மெர்சிடிஸ் வண்டிக்கு ஒரு ரேடியேற்றர் செய்தார். காற்று அக்குழாய்களூடாகப் புகுந்து நீரைக் குளிரச் செய்தது. அதே நீர் திரும்பவும் எஞ்சினுக்குச் சென்றது. வண்டி சுமக்கவேண்டிய நீரின் அளவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் ‘டி’ வகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் நீரைச் சுழற்றும் பம்பியே இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியே அங்கு வேலை செய்தது. நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே தாழ்ந்தால் அந்தச் சுற்றோட்டம் நின்றுவிடும்.

மலைநாட்டில் இன்னுமொரு தடை உண்டு. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறைய நீர் விரைவிற் கொதிக்கின்றது. கொழும்பிலே 100 பாகையிற் கொதிக்கும் நீர், அப்புத்தளையிலே ஏறக்குறைய 95 பாகையிற் கொதித்துவிடும். எஞ்சின் மிகுதியாக உழைக்கும் இடத்திலேயே நீரின் தாங்குசக்தி குறைவது மலைப்பாதையின் கொடுமை. இதற்கு மாற்றாக வந்ததே அழுத்த மூடி. அது நீரை இறுக அடைத்து, கொதிநிலையை 100 பாகைக்கும் மேலே உயர்த்துகின்றது. ஆயின் இந்த நன்மையே ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. சூடாயிருக்கும் மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் நீங்கி, நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். ஆதலின் வண்டியை ஓரமாக நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதே முதற் பரிகாரம். ஆறாத எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கவுங்கூடும்.

தோட்டப் பகுதிகளில் வழியில் நின்றுவிட்ட லொறியொன்று வெறும் தாமதமன்று. பறித்த கொழுந்து உயிருள்ள பொருள். சாக்கிலே நெருக்கி வைத்தால் தானாகவே சூடேறிச் சிவந்து பழுதாகும். எஞ்சின் கொதித்த நாளிலே கொழுந்தும் சேர்ந்து கொதிக்கும். அதே லொறியில்தான் பல வேளைகளில் நோயாளரும் பிள்ளைபெறும் தாய்மாரும் ஆசுபத்திரிக்குச் சென்றனர். ஆகவே நீர் ஏன் கொதித்தது என்ற கேள்வி, பழுதுபார்ப்பவரின் கேள்வி மட்டுமன்று. மலையில் வாழும் குடும்பங்களின் கேள்வியுமாகும்.

ஓடைநீரை மொண்டு ஊற்றிப் பயணத்தைத் தொடர்வது எளிது. ஆனால் அது முதலுதவியேயன்றி மருத்துவமன்று. ஓடை நீரிலுள்ள வண்டலும் உப்பும், உள்ளே பிடிக்கும் துருவும் நாளடைவில் ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. இன்று காப்பாற்றிய நீரே நாளைய நோய்க்கு வித்தாகின்றது. ஆதலின் காரணத்தைத் தேடுவோர் நீர் சென்ற வழியே தாமும் செல்லவேண்டும்.

ஆறிய பின் நீர்மட்டம் குறைந்திருக்குமாயின், அந்நீர் எங்கே போயிற்று என்பது முதல் வினா. இறப்பர்க் குழாயின் இணைப்பு, பம்பியின் அடிப்புறம், ரேடியேற்றரின் ஓரம் ஆகிய இடங்களில் ஈரம் காட்டிக்கொடுக்கும். வெளியே ஈரமில்லாமல், புகைக்குழாயில் வெண்ணாவி ஓயாது வந்தாலும், எண்ணெய் பாற்கலவைபோல் வெளுத்திருந்தாலும் சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட் பழுதாகி நீர் உட்புறம் கசிகின்றதென ஐயுற வேண்டும். நீர் நிறைந்திருந்தும் சூடேறினால், அது எவ்வேளையில் ஏறுகின்றது என்பது அடுத்த வினா. மெதுவாக ஏற்றத்தில் ஊரும்போது மட்டும் ஏறினால், விசிறியும் அதன் பட்டியும் முதலிற் பார்க்கத் தக்கவை; அப்போது எதிர்காற்று போதாது, விசிறியே காற்றைத் தரவேண்டும். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேற்றர் அடைபட்டிருத்தல் கூடும். மேற்குழாய் சுட, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் நீர் சுற்றவில்லை என்பது பொருள். தெர்மோஸ்டாட் என்னும் தடுக்கிதழ் திறவாதிருத்தல் கூடும். அதனைக் கழற்றிப் பானை நீரிலிட்டுச் சூடாக்கினால் உண்மை தெரியும். பொதுவாக 80 பாகைக்கும் 90 பாகைக்கும் இடையில் அது திறக்கத் தொடங்க வேண்டுமாதலால், அப்புத்தளையின் கொதிநீரும் இச்சோதனைக்குப் போதும். தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டுவது சிலரது வழக்கம். அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது தேய்வதோடு, உண்மையான குற்றமும் மறைந்துபோகும்.

இந்த ஒழுங்கு முதலில் நூல்களிலிருந்து மலைக்கு ஏறிவந்ததன்று. கிளீனராகச் சேர்ந்த இளைஞன் வாளியுடன் ஓடைக்கு இறங்கி, வண்டிக்கு அடியிற் கிடந்து, குழாயைக் கையால் தொட்டுப் பார்த்துச் சாரதியானான். அவனிடம் அடுத்தவன் கற்றான். இக்காலத்து வண்டிகளில் மின்விசிறியும் உணர்கருவியும் உண்டு. சூடேறியதைச் செவ்விளக்கு அறிவித்துவிடும். ஆனால் ஏன் சூடேறியது என்பதை அவ்விளக்கு தானாகக் கூறுவதில்லை. நீர் குறைந்ததா, நீர் சுற்றவில்லையா, காற்று போதவில்லையா என்று வரிசையாக வினவும் அறிவு இன்றும் மனிதரிடமே எதிர்பார்க்கப்படுகின்றது. ஊவா மலைப்பாதை அவ்வறிவை வளர்த்த பள்ளிக்கூடம். அதிற் பயின்றோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாவிடினும், அவர்களது கைத்திறனாலேயே கொழுந்து உரிய வேளையில் ஆலையையும், நோயாளர் உரிய வேளையில் ஆசுபத்திரியையும் சென்றடைந்தனர்.