இடக்கை மருந்து

நம் வயதுக்காரர்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தால் 'லீவோ' என்று தொடங்கும் மாத்திரை ஒன்றாவது இருக்கும். தைராய்டுக்கு லீவோதைராக்சின், அலர்ஜிக்கு லீவோசெட்ரிசின், நடுக்குவாதத்துக்கு லீவோடோபா. லத்தீனில் அந்த 'லீவோ'வுக்கு இடது என்று பொருள். மாத்திரைக்கு ஏது சார் இடது வலது என்று நண்பர் ஒருவர் கேட்டார்.

கோயில் வாசலில் விட்ட செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தோல், ஒரே அளவு, ஒரே தையல். ஆனாலும் இடதுகால் செருப்பு வலதுகாலுக்குச் சேராது. சில மூலக்கூறுகளும் அப்படித்தான், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். 1848-ல் லூயி பாஸ்டர், தமது 25-ஆம் வயதில், டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடுக்கியால் பொறுக்கிப் பிரித்தே இதைக் காட்டிவிட்டார். நம் உடம்பின் என்சைம்கள் ஒரு காலுக்கு மட்டும் அளவெடுத்தவை. ஆய்வுக்கூடத்தில் சாதாரணமாகச் செய்தாலோ இரண்டும் பாதிப்பாதியாகத்தான் வரும்.

1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற டாக்டர் நடுக்குவாத நோயாளிகளுக்கு டோபாவை அதிக அளவில் கொடுத்தார். சிலருக்கு நடுக்கமும் விறைப்பும் வியக்கத்தக்க அளவு குறைந்தன. ஆனால் அது இரண்டு கையும் கலந்த சரக்கு. சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு இடக்கை டோபாவை மட்டும் கொடுத்தபோது குறைந்த அளவே போதுமாயிற்று, அந்தத் தொல்லையும் காணோம்.

பூனைக்காலி விதையில் இருப்பதும் இந்த இடக்கை டோபாதான். 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் இதை அதிகம் சொல்லிக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம். ஆனால் அன்று ஒரு நோயாளிக்கே தினம் பல கிராம் தேவைப்பட்டது. கம்பெனிக்காரர்கள் கலவையாகச் செய்து, பிறகு பாடுபட்டுப் பிரித்தார்கள்.

செயின்ட் லூயிஸ் நகரில் மான்சாண்டோ கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் நோல்ஸ், பிரிப்பானேன், ஒரு கையை மட்டுமே செய்தால் என்ன என்று யோசித்தார். ரோடியம் உலோகத்தோடு, தானே ஒரு கைப்பக்கம் சாய்ந்த பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றைக் கோத்தார். தட்டையான மூலக்கூறின் மேல் ஹைட்ரஜன் எந்தப் பக்கமாக ஏறவேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். 1968-ல் வெளியிட்ட முதல் சோதனையில் வேண்டிய கை 100-க்கு 57 அளவுதான். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவர் அந்தப் பாஸ்பரஸ் சேர்மத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, சில வருஷங்களில் 97-க்குக் கொண்டுவந்தார். மிச்சத்தைப் படிகமாக்கும்போது கழித்துவிடலாம். எழுபதுகளின் நடுவில் லீவோடோபா இந்த வழியில் தொழிற்சாலையிலேயே தயாரானது.

கைப்பக்கம் என்றாலே தாலிடோமைடு கதையைச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. அதில் ஒரு கையை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் உடம்புக்குள் போய் மற்றதாக மாறிவிடும்.

நோல்ஸ் 1986-ல் ஓய்வு பெற்றார். நோபல் பரிசு வந்தது 2001-ல், நோயோரி, ஷார்ப்லெஸ் இருவரோடும் பகிர்ந்து. அப்போது அவருக்கு வயது 84.