முகவரி இருக்கு, கடிதம் எங்கே?

2013 மார்ச் 13. கூகுள் ஒரு அறிவிப்பு விடுது: 2005-ல ஆரம்பிச்ச கூகுள் ரீடரை ஜூலை 1-ஓட மூடுறோம். பிடிச்ச வலைப்பூக்களை எல்லாம் ஒரே இடத்துல படிக்க வெச்ச சேவை அது.

‘டேக்அவுட்ல உங்க பட்டியலை எடுத்துக்கோங்க’ன்னாங்க. கிடைச்சது ஓபிஎம்எல் ஃபைல். 2000-ல டேவ் வைனரோட யூசர்லேண்ட் நிறுவனம் உருவாக்கின வடிவம். திறந்தா, வரிக்கு ஒரு தலைப்பு, ஒரு ஃபீட் முகவரி. அவ்வளவுதான்.

சிக்கலே அங்கதான். ஃபீட்ல பொதுவா கடைசி சில பதிவுகள்தான் இருக்கும். பழசை ரீடர் தன் சர்வர்ல சேர்த்து வெச்சிருந்துச்சு. எழுதினவர் வலைப்பூவையே மூடியிருந்தாலும் அது அங்க இருந்துச்சு. அதனாலதான், ரீடர் குழுவுல முன்னாடி வேலை பார்த்த மிஹாய் பர்பரிட்டா, பதிவுகளையும் சேர்த்து இறக்குற பைதான் ஸ்கிரிப்ட் எழுதி வெளியிட்டார். அதை ஓடவிட்டவங்களுக்குப் படிச்சதும் மிஞ்சுச்சு. பட்டியலை மட்டும் எடுத்தவங்களுக்கு முகவரிதான்.

அப்போ நான் ஸ்கூல் பையன், இதெல்லாம் தெரியாது. போன வாரம் என் ஃபீட் பட்டியலை எடுக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். எர்ரர் இல்லாம ஓடுச்சு. ஆனா வந்த முகவரிகள்ல பல, திறந்தா வெறும் 404.

இந்த எபிசோட் உங்க ஆப்புக்கு வர்றதும் அதே ஃபீட் வழியாத்தான். எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. அது எதை விட்டுட்டு வருதுன்னும் பாருங்க.