சேர்ட்டில் இருந்த வாசம்



சூரா யூஸுப் ஓதும் நாம் எல்லோரும் அறிந்த வரலாறு இது. மிஸ்ரிலிருந்து கூட்டம் புறப்பட்டதுமே, வெகுதூரத்தில் இருந்த யஃகூப் நபி (அலை) தன் மகனின் வாசத்தை உணர்ந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பழைய தடுமாற்றம் என்றார்கள். அது அல்லாஹ் தன் நபிக்குக் கொடுத்த அற்புதம். ஆனால், தமக்குப் புலப்படாத வாசத்தை இன்னொருவர் சொன்னால் நம்ப மறுப்பது மனிதர்களிடம் இன்றும் உள்ள குணம்.

ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரைச் சேர்ந்த தாதி ஜோய் மில்ன். பிறப்பிலேயே அவருக்கு மோப்பசக்தி மிக அதிகம். அவரது பாட்டிக்கும் அப்படித்தான். முப்பது வயதைத் தாண்டிய கணவர் லெஸ்ஸிடம் புதிதாக ஒரு வாசம் வீசியது. ஒழுங்காகக் குளிக்கும்படி மனைவி சொல்ல, கணவருக்குக் கோபம் வந்தது. லெஸ் ஒரு வைத்தியர். 45 வயதில் அவருக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய் இருப்பது தெரியவந்தது.

பின்னர் இருவரும் அந்நோயாளிகளின் கூட்டமொன்றுக்குப் போனபோது, அங்கிருந்தவர்களிடமும் அதே வாசம்!

2012இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனாத்திடம் ஜோய் இதைச் சொன்னார். முதலில் அவர் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு 12 பேர் அணிந்த டீசேர்ட்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் சுகதேகிகள். ஜோய் ஏழு பேருக்கு நோய் என்றார். ஒன்று பிழை என்றே எல்லோரும் நினைத்தார்கள். எட்டு மாதங்களில் அந்த ஏழாவது நபருக்கும் நோய் உறுதியானது.

லெஸ் 2015இல் காலமானார். 2019இல் மென்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டிட்டா பரன் குழுவினர், அந்த வாசத்துடன் தொடர்புடைய இரசாயனங்களைத் தோலின் எண்ணெய்ப்பசையில் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இந்நோயை லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே விவரித்திருந்தார். கை நடுங்கத் தொடங்கும்போது மூளையின் குறிப்பிட்ட வகைக் கலங்களில் கணிசமானவை அழிந்திருக்கும். பலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே மணம் அறியும் சக்தி குறைந்துவிடும். ஆகவே முன்கூட்டி அறிவது பெரிய விடயம்.

எம் வீடுகளிலும் அத்தர் வாசத்துக்கே தலையிடி வரும் பிள்ளைகள் உண்டு. "நடிப்பு" என்று அவர்களை ஏசாதிருப்போம். கை நடுங்கும், நடை தளரும் வாப்பா, உம்மாவை "வயசுதானே" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுவோம்.