கோபுர மணிகளுக்கு ஒரு புதுப்பண்

மணியோசை தமிழர்க்குப் புதியதன்று. கோயிலில் பூசைக் காலத்தை உணர்த்துவதும் மணி; மனுநீதிச் சோழன் வாயிலில் முறையீட்டை அறிவித்ததாகக் கதை கூறுவதும் மணி. பினாங்கு, ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டையருகே நிற்கும் மணிக்கூண்டு, விக்டோரியா அரசியாரின் வைரவிழா நினைவாக, 1897-இல் சியா சென் இயோக் என்னும் சீனச் செல்வர் கட்டுவிக்க முன்வந்ததாகும். ஆட்சியாண்டு ஒன்றுக்கு ஓரடியாக அதன் உயரம் 60 அடி. அதன் பணி நேரம் உணர்த்துதல். ஆயின், நேரம் கூறும் மணி வேறு. பண் பாடும் மணி வேறு.

பண் பாடும் மணித்தொகுதியைக் காரிலான் என்பர். அதில் குறைந்தது 23 வெண்கல மணிகள் இருத்தல் வேண்டும். வாசிப்பவர் மரக்கோல்களைக் கைமுட்டியால் அழுத்த, கம்பிகள் மணிநாக்கை இழுத்து அடிக்கும். சுருதி நன்கமைந்த முதல் தொகுதியை 1644-இல், நெதர்லாந்தின் சுட்பென் நகருக்காக ஹெமோனி உடன்பிறந்தார் வார்த்தனர். கண்பார்வையற்ற இசைஞர் யாக்கோப் வான் எய்க்கின் செவிப்புலமை அவர்களுக்குத் துணைநின்றது.

பியானோவுக்கு இயற்றிய இசையையே மணிகளில் வாசித்தால் என்ன என வினவலாம். ஒரு மணியை அடித்தால் ஒரு சுரம் மட்டும் எழுவதில்லை. வேறு சுரங்களும் உடன் ஒலிக்கும். அம்மணியின் சுரத்தைச் சட்சமாகக் கொண்டால், அவற்றுள் ஒன்று சாதாரண காந்தாரம். எனவே, சங்கராபரணம் போல அந்தர காந்தாரம் பயிலும் மெட்டில், சட்ச மணியின் உள்ளொலியும் காந்தார மணியின் ஒலியும் மோதுகின்றன. மேலும், பெரிய மணியின் ஒலி நெடுநேரம் நிற்கும். அதனை வேண்டும்போது நிறுத்த இயலாது. கமகத்துக்கும் அங்கு இடமில்லை. ஆதலின், கீழ்ச்சுரங்களை அருகியும் மேற்சுரங்களை விரைந்தும் வைத்து, மணிக்கென்றே புதிதாக இயற்றுதல் வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டில் லூவன் நகர மணியிசைஞர் மத்தியாஸ் வான் டென் கெய்ன் அவ்வாறே இயற்றினார். அவருடைய முன்னிசைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. 1922-இல் யெஃப் டெனைன் பெல்ஜியத்தின் மெக்கலன் நகரில் இக்கலைக்கென ஒரு பள்ளி நிறுவினார். 1980-களில் நெதர்லாந்தின் ஆஸ்டன் வார்ப்படச் சாலையினர், கணிப்பொறியின் துணைகொண்டு, அந்தர காந்தாரம் ஒலிக்கும் மணிகளையும் வடித்தனர்.

இஃது ஒலிநுட்பம் பற்றிய செய்தி மட்டுமன்று. 1878-இல் முடிவுற்ற பம்பாய் இராசாபாய் கோபுரத்தின் மணிகள், முன்னாளில் ஆங்கில அரச வாழ்த்தையும் 'ரூல் பிரிட்டானியா'வையும் ஒலித்தன. இந்திய வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னையார் பெயரால் பொருளீந்த கோபுரத்தில் ஆள்வோரின் பாட்டே முழங்கியது!

அரங்கில் விருப்பமில்லாதார் எழுந்து போகலாம்; கோபுர மணியின் கீழ் வாழ்வோர்க்கு அவ்வுரிமையில்லை. ஆதலின், மணிக்குப் பண்ணமைப்போர் இரண்டை மறத்தலாகாது: ஒன்று, வெண்கலத்தின் இயல்பு, மற்றொன்று, கேட்கும் ஊரின் உள்ளம். இரண்டும் ஒத்த இடத்திலேயே மணி வெறும் ஓசை நீங்கி இசையாகிறது.